ஸ்லீவுக்கு ஏற்ற சூடு

பதினோரு வருஷம் வச்சலா ஒயர்களுக்கு நடுவிலேயே இருந்தாள். ஆனால் அந்த ஒயர்கள் போய்ச் சேர்ந்த கார்களில் ஒன்றைக்கூட அவள் தொட்டுப் பார்த்ததில்லை. மறைமலை நகர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கொக்கிலமேட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பி, கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவாள். கார்களுக்கான ஒயர் கட்டுகளை நீளப் பலகையில் விரித்துக் கட்டுகிற பெண்கள் நூறு பேரில் அவளும் ஒருத்தி. இரண்டு ஒயர் சேருகிற இடத்தில் ஸ்லீவ் என்கிற கறுப்புக் குழாயை நுழைத்து, இயந்திரத்தின் வாயில் வைக்க வேண்டும். சில விநாடிகளில் அது சுருங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும். பச்சை விளக்கு எரியும். எடுத்து அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். உள்ளே எவ்வளவு சூடு, எத்தனை விநாடி என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபின் அந்தப் பஸ் பயணம் அவளால் முடியவில்லை. வேலையை விட்டாள். கணவன் சரவணகுமார் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். அவன் கூட்டாளிகளின் பைக்குகளில் ஹாரன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை என்றால் வாசலில் நிறுத்திவிட்டுப் போவார்கள். வச்சலா உட்கார்ந்து ஒயரைப் பின்தொடர்ந்து போய்ப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவாள். இந்தச் செய்தி பூஞ்சேரி கூட்டுரோட்டில் பைக் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ராமதாஸின் காதுக்குப் போயிற்று. ராமதாஸுக்கு இன்ஜின் என்றால் உயிர், ஒயரிங் என்றால் எரிச்சல்.

"இந்த ஒயர் வேல எனக்கு ஆவாதும்மா. தல சுத்துது. ஷெட்ல பாதி சும்மாதான் கீது, வந்து குந்திக்க" என்று அவரே வீடு தேடி வந்து கேட்டார்.

முதல் மூன்று மாதம் வண்டியோடு வந்தவர்களில் பாதிப் பேர், ஒயரிங் பார்க்கிறவர் எங்கே என்று கேட்டார்கள். அவள்தான் என்று தெரிந்ததும் அவசர வேலை ஞாபகம் வந்தவர்கள் போலப் போய்விட்டார்கள். அப்போது அவளிடம் வண்டியை நம்பி விட்ட முதல் ஆள் சடையன். சதுரங்கப்பட்டினத்து மீன் வியாபாரி. கடலோரமாகப் போய் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சின்ன லோடு வண்டியில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். சரவணகுமாருக்குத் தூரத்து உறவு என்பதால் வச்சலா அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

மீன் வண்டியின் ஒயரிங் மற்ற வண்டிகளைப் போல இல்லை. பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் கீழே சொட்டும். போதாததற்குக் கடல் காற்று. ஒயர் இணைப்பில் ஊசி முனை அளவு வழி கிடைத்தாலும் உள்ளே இறங்கி, செம்பைப் பச்சைப் பொடியாக்கிவிடும். அதனால் வச்சலா உள்பக்கம் பசை பூசிய ஸ்லீவ்தான் போடுவாள். சரியான சூடு கிடைத்தால் குழாய் சுருங்குவதோடு பசையும் உருகி, இரண்டு முனையிலும் மெல்லிய வளையமாக எட்டிப் பார்க்கும். அந்த வளையம் தெரிந்தால் தண்ணீர் நுழையாது. அதற்காகவே கரண்ட்டில் ஓடி, சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன் ஒன்றை ஷெட்டில் வாங்கி வைத்திருந்தாள்.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம் சடையன் வண்டியோடு வந்தார். ஹெட்லைட் விட்டு விட்டு எரிகிறது. இரண்டு விளக்குக்கும் சேர்த்துப் போகிற ஒயர், வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிக்கு அடியில் ஓரிடத்தில் அரித்துப் போயிருந்தது. வச்சலா அதை வெட்டி, புது ஒயர் வைத்துச் சேர்த்து, ஸ்லீவை நகர்த்தி வைத்தாள். ஹீட் கன்னை எடுத்தபோதுதான் கரண்ட் இல்லை என்பது தெரிந்தது. லைனில் மரக்கிளை வெட்டுகிறார்கள், ஐந்து மணிக்குத்தான் வரும் என்றார்கள்.

"இன்னாம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?"

"கரண்ட் வரட்டும் மாமா. சூடு காட்டி மூடிட்றேன்."

"அஞ்சு மணிக்கு நான் கடப்பாக்கத்துல நிக்கணும். போட்டு கரைக்கு வந்துடும். ஐஸு கரைஞ்சுகினு கீது பாரு."

ராமதாஸ் தன் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து வீசினார். "இத்தப் புடி. ஊரே இதுலதான் சுருக்குது. உனக்கு மட்டும் இன்னா?"

வச்சலா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். காற்றில் லைட்டர் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்லீவின் முன்பக்கம் கருகிப் பளபளத்தது. பின்பக்கம் சேஸி இரும்பை ஒட்டி இருந்ததால் அங்கே சுடர் போகவில்லை. ஒரு முனையில் பசை வளையம் தெரிந்தது, மறுமுனையில் தெரியவில்லை. அதை அவள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் காட்டலாம் என்றால் பக்கத்து ஒயரின் தோல் கொப்பளிக்க ஆரம்பித்தது. மேலே நாலு சுற்று டேப்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"நாளைக்கு ஒரு தபா வண்டிய இட்டுகினு வாங்க மாமா."

"சரி, சரி" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார் சடையன்.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் வண்டி போகும்போது இரண்டு முறை வச்சலா கையைத் தூக்கினாள். அவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். விளக்குகள் நன்றாகத்தான் எரிந்தன. வேலை மேல் வேலை வந்ததில் அவளும் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் அடைமழை. ஒரு விடியற்காலை கூவத்தூரைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது சடையனின் வண்டியில் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. பழகிய சாலை என்றாலும் மழையில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்புக்குள் பாய்ந்து நின்றது. சடையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, இரண்டு விலா எலும்பில் விரிசல் விட்டிருந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நொறுங்கிய வண்டியை ராமதாஸ்தான் இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார். கூட்டுரோட்டு டீக்கடையில் பேச்சு அன்றைக்கே முடிவாகிவிட்டது. போன மாதம் சடையன் செய்யூரில் யாரோ ஓர் ஆளிடம் கூடுதலாக ஃபோகஸ் லைட் மாட்டியிருந்தார்.

"அவன் வேலதான். பழைய ஒயர்ல புது லைட்டக் கோத்தா தாங்குமா?" என்றார் ராமதாஸ். தலையாட்டாதவர்கள் இல்லை.

அன்று மத்தியானம் ராமதாஸ் சாப்பிடப் போன நேரத்தில் வச்சலா வண்டிக்கு அடியில் படுத்தாள். ஃபோகஸ் லைட்டுக்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ். அதன் சுவிட்ச் அணைந்தே இருந்தது, மழையில் கண் கூசும் என்று சடையன் அதைப் போட்டிருக்கவில்லை. சுத்தமான வேலை, அதில் ஒரு குறையும் இல்லை. தன் இணைப்பைத் தேடி டேப்பைப் பிரித்தாள். கறுப்புக் குழாயை பிளேடால் கீறியதும் பச்சைப் பொடி அவள் முகத்தில் உதிர்ந்தது. செம்பு இற்று, இரண்டு துண்டாகக் கிடந்தது. குழாயின் பின்பக்கத்தில் பசை உருகவே இல்லை. கடையில் வாங்கியபோது இருந்தபடியே வழவழப்பாக இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் படுத்திருந்தாள். இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்தத் துண்டை எடுத்து எறிந்துவிட்டால் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. எழுந்து முகத்தைக் கழுவினாள். ராமதாஸ் திரும்பி வந்து ஏதோ கேட்டார், அவளுக்குக் காதில் விழவில்லை. மறுநாளும் அதே டீக்கடைப் பேச்சு. பேரே தெரியாத அந்தச் செய்யூர்க்காரனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திட்டினார்கள். வச்சலா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரவு சரவணகுமாரிடம் சொன்னாள். அவன் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டான்.

"மாமாகிட்ட போய்ச் சொல்லிடு" என்றான்.

"கோவப்பட்டா?"

"படட்டுமே. அடிபட்டது அவருதானே."

ஆஸ்பத்திரியில் சடையன் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வச்சலா கைப்பையிலிருந்து அந்த ஒயர்த் துண்டை எடுத்து அவர் மடியில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பசை ஒரு பக்கம் உருகவில்லை என்பதை அன்றைக்கே பார்த்தேன் என்பதையும் சொன்னாள். சடையன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு வான்னு சொன்னல்ல?"

"சொன்னேன் மாமா."

"இன்னாத்துக்கு வரணும்னு சொன்னியா?"

"சொல்லல மாமா."

"லைட்டு நல்லா எரிஞ்சுகினு இருந்துது. எரியற லைட்ட வச்சிகினு எவனாவது ஷெட்டுக்கு வருவானா? இது அரை வேலதான், தண்ணி பூந்துடும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் மீன விட்டுட்டு வந்திருப்பேனே." குரல் உயரவில்லை. மூச்சு இழுத்தால் விலா வலித்தது போலிருக்கிறது, விட்டு விட்டுப் பேசினார். "அந்தச் செய்யூர்க்காரன் பேரு வாசுதேவன். நல்ல புள்ள. என்னப் பாக்க வர்றவன்லாம் அவனத்தான் திட்றான். அத்த யாரு போய் சரிபண்றது?"

"நான் போறேன்."

"போ" என்றார். அவள் கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரவணகுமாரின் பைக்கில் இருவரும் செய்யூர் போனார்கள். வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே, பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் இருந்தான் வாசுதேவன். முப்பது வயது இருக்கும். அவனுக்கு விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு மீன் வண்டியும் அவனிடம் நிற்கவில்லை. வச்சலா நடந்ததை முழுதாகச் சொன்னாள்.

"நானே என் வேலதானோன்னு நெனச்சிகினு இருந்தேன்கா. படுத்தா தூக்கம் வர்ல" என்றான்.

கோபித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவன் டிராக்டர் ஒன்றின் ஒயரிங்கைப் பாதியில் வைத்திருந்தான். வேலையைத் தொடர்ந்தபோது கையில் பேனா மாதிரி ஒரு சாமான் இருந்தது. அதில் சுடர் இல்லை. உள்ளே சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற கேஸ். நுனியில் மாட்டிய சின்ன மூக்கு வழியாகச் சூடான காற்று மட்டும் வந்தது. இந்தப் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது, அதனால் வாங்கினேன் என்றான். வச்சலா கையில் வாங்கிப் பார்த்தாள். கம்பெனி இயந்திரத்துக்கும் ராமதாஸின் லைட்டருக்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து டீக்கடையில், எல்லோரும் இருக்கிற சமயமாகப் பார்த்து, "சடையன் மாமா வண்டி லைட்டு போனது என் வேலையால. செய்யூர்க்காரர் மேல தப்பு இல்ல" என்றாள். அந்த மாதம் அவளிடம் வந்த வண்டிகள் குறைந்தன. ராமதாஸ், எதற்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறாய் என்று கடிந்துகொண்டார்.

வேலை குறைந்த அந்த நாட்களில்தான் அவள் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தாள். ஒரே அளவு ஒயர், ஒரே ஸ்லீவ். எதிர்க் கட்டடத்துப் பியூட்டி பார்லரிலிருந்து தலை உலர்த்துகிற டிரையரைக் கேட்டு வாங்கினாள். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் கம்பி இருந்தது. லைட்டர் இருந்தது. ஹீட் கன்னும், அதன் வாயில் மாட்டுகிற கரண்டி போல வளைந்த மூக்கும் இருந்தன. அந்த மூக்கு வாங்கிய நாளிலிருந்து பெட்டியிலேயே கிடந்தது. கேஸ் பேனா ஒன்றை வரவழைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு இணைப்பு. சரவணகுமார் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து பக்கெட்டில் ஊற்றினான்.

"மீன்தான் உப்புல ஊறும்னு நெனச்சேன். இப்ப ஒயரா?" என்று சிரித்தான்.

ராமதாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருவது வருஷமா லைட்டர்ல சுருக்கறேன். என்னுதையும் போடு" என்று தானும் இரண்டு செய்து கொடுத்தார்.

ஒயர்களின் முனைகள் மேலே இருக்க, இணைப்புகள் மட்டும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. கரண்ட் ஓடுகிறதா என்று காட்டுகிற மீட்டரின் ஒரு கம்பியைத் தண்ணீரிலும் இன்னொன்றை ஒயர் முனையிலும் வைத்தால் போதும், செம்பு வரை ஈரம் போயிருந்தால் மீட்டரில் எண் ஓடும். தினமும் காலையில் முதல் வேலை அதுதான். டிரையரில் செய்தவை முதல் நாளே ஒழுகின. அந்தச் சூடு பசைக்குப் பற்றவே இல்லை. சால்டரிங் கம்பியால் தேய்த்தவற்றில் ஒன்று, கம்பி பட்ட இடத்தில் ஓட்டையாகியிருந்தது. அவள் லைட்டரில் சுருக்கிய இரண்டும் மூன்றாம் நாள் போயின. மூக்கில்லாத ஹீட் கன்னில் ஒன்று நின்றது, ஒன்று நிற்கவில்லை. மூக்கு மாட்டியபோது சூடு ஒயரைச் சுற்றி வளைத்துப் பின்பக்கமும் போனது. அவை இரண்டும் கடைசி வரை அசையவில்லை. கேஸ் பேனாவில் ஒன்றை ஷெட்டுக்குள் செய்திருந்தாள், ஒன்றை ரோட்டோரம் காற்றில். உள்ளே செய்தது நின்றது. வெளியே செய்ததில் ஆறாம் நாள் மீட்டர் ஓடியது.

அவள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ராமதாஸ் லைட்டரில் செய்த இரண்டுமே நின்றன. பத்தாம் நாள் கீறிப் பார்த்தபோது உள்ளே செம்பு புதிதுபோல மின்னியது.

"பாத்தியா? நான் இன்னா சொன்னேன்?" என்று ராமதாஸ் தொடையைத் தட்டினார்.

வச்சலாவுக்கு அன்று முழுவதும் அதே யோசனை. ராமதாஸ் எப்படிச் செய்தார் என்பதை நினைத்துப் பார்த்தாள். பீடியை ஓரமாக வைத்துவிட்டு, மேஜையில் முழங்கையை ஊன்றி, சுடரைத் தொடவிடாமல் எட்டப் பிடித்து, ஒயரை மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுவில் ஆரம்பித்து முனைக்கு வந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. வண்டிக்கு அடியில், ஒயரைச் சுற்ற முடியாத இடத்தில், மேலே ஆள் அவசரப்படுத்தும்போது அது நடக்காது. ராமதாஸாலும் முடியாது. ஆனால் சூடு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் காரணமில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. எல்லாப் பக்கமும் போகிறதா, போதுமான நேரம் நிற்கிறதா, பக்கத்து ஒயரைச் சுடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். கம்பெனியில் அதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. பதினோரு வருஷம் பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்து, இணைப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

ஷெட்டுக்குள் மூக்கு மாட்டிய ஹீட் கன்தான் என்று முடிவு செய்தாள். கரண்ட் இல்லாதபோதும், நடுரோட்டில் நின்ற வண்டிக்குப் போகும்போதும் கேஸ் பேனா. கூடவே காற்றை மறைக்க எண்ணெய் டின்னை வெட்டி வளைத்த ஒரு தகடு. பெட்ரோல் வாடை வருகிற இடத்தில் இரண்டும் கிடையாது. சுடர் இல்லாவிட்டாலும் அந்தச் சூட்டுக்கே ஆவி பற்றிக்கொள்ளும். ஒயரை வெளியே இழுத்துச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கிப் பிடித்து ரப்பர் டேப் சுற்றி, இது தற்காலிகம் என்று வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்ப வேண்டும். லைட்டரை ஒதுக்கிவிட்டாள். ராமதாஸ் மட்டும் மேஜையில் வைத்து அதையே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அதில் குறை சொல்லவில்லை.

மாசி மாதம் சடையன் வந்தார். வண்டி வேறு இடத்தில் தகடு வேலையெல்லாம் முடிந்து, புதுப் பெயிண்ட்டோடு நின்றது. இடது கையை இன்னும் முழுதாகத் தூக்க முடியவில்லை.

"ஒயரிங் மொத்தம் பாக்கணும். வேற ஆளாண்ட போவலாம்னுதான் இருந்தேன்" என்றார். "வாசுதேவன்தான் உன்னாண்டயே போன்னான்."

வச்சலா ஹீட் கன்னில் மூக்கை மாட்டினாள். சடையன் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய இணைப்பு ஒவ்வொன்றையும் வெட்டி, புதிதாகச் சேர்த்து, சூடு காட்டினாள். ஒவ்வொன்று முடியும்போதும் அவர் குனிந்து பார்த்தார்.

"இதுல வளையம் ரெண்டு பக்கமும் கீதா?"

"கீது மாமா. பாருங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் பார்த்தார். முன்பெல்லாம் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற மனிதர். இப்போது அவர் அவளை நம்பவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அது வச்சலாவுக்குக் குத்தியது. நாலைந்து இணைப்பு ஆனபின் அந்தக் குத்தல் இல்லை. அவர் கேட்பதற்கு முன்பே அவளே கைவிளக்கை இணைப்பின் பக்கம் திருப்பிக் காட்ட ஆரம்பித்தாள்.

கடைசியாகப் பின்விளக்கு ஒயரில் ஓரிடம் மட்டும் சரியாக வரவில்லை. பெட்டியின் இரும்புச் சட்டம் இடித்தது, பின்பக்கத்துப் பசை தெரியவில்லை.

"மாமா, இது ஒண்ணு அரைகுறைதான். தண்ணி எறங்கலாம். ஐஸ் பெட்டிய எறக்கி வச்சாத்தான் சரியா பண்ண முடியும்."

சடையன் மணியைப் பார்த்தார். மீன் படகு கரைக்கு வருகிற நேரம். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நன்றாக இருந்த வலது கையால் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"ராமதாசு, இங்க வாய்யா. இத்தக் கொஞ்சம் தூக்கு."